சூடேறினால் விட்டுப்போகும் கம்பி

மேகமலையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய நாள் முதல், ஞானசிகாமணியின் வெள்ளைக் கார் அல்லிநகரத்தில் சுந்தரலிங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அதே நாள் முதல் மகள் ஜெனிபரும் தாய்வீட்டில் இருக்கிறாள்.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாப்பிள்ளை பொன்னுராஜ் மாமனாரின் காரை இரவல் வாங்கி, மனைவியை ஏற்றிக்கொண்டு மேகமலைக்குப் போனான். இறங்கும் வழியில் கியர் மாட்டிக்கொண்டது. தகவல் கேட்டு ஜீப் பிடித்து மலையேறிய ஞானசிகாமணி, தேயிலை பறித்துவிட்டு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்க்க, மாப்பிள்ளையைப் பேசாத பேச்சில்லை. பொன்னுராஜ் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. அவன் தன் வீட்டுக்கு, சின்னமனூருக்குப் போனான். ஜெனிபர் அப்பா வந்த ஜீப்பில் ஏறித் தேனிக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் அழவில்லை. புருசனைக் குறை சொல்லவும் இல்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் வந்து பரீட்சைத் தாள் திருத்தினாள். எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்கத்தான் அம்மா கிருபாவதிக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் சுந்தரலிங்கம் போன் செய்தார்.

"அண்ணே, நீங்க வரணும். உங்க மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கேன். வண்டியை ஓட்டுன ரெண்டு பேரும் இருந்தாத்தான் எனக்கு வேலை நடக்கும்."

ஞானசிகாமணி போனை வைத்துவிட்டு, இட்லித் தட்டைப் பாதியில் தள்ளினார்.

"அவரு எதுக்கு? கெடுத்தவரையே கூப்பிட்டு, எப்படிக் கெடுத்தீகன்னு கேக்கப் போறானா?"

"நானும் வாரேன்" என்றாள் கிருபாவதி.

"ஒர்க்‌ஷாப்புல உனக்கென்ன வேலை?"

"உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல யாராச்சும் நிக்கணும்ல."

ஜெனிபர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

"உன் வீட்டுக்காரரும் வாராகளாம்" என்றாள் கிருபாவதி.

"வரட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஞானசிகாமணிக்கு அந்தக் கார் வெறும் கார் இல்லை. தேனி பஜாரில் பம்புசெட்டும் பைப்பும் விற்கும் கடை அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைப் பரணிலிருந்து விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். நடை வந்தது, இடது காலுக்குப் பலம் வரவில்லை. கிளட்ச் மிதிக்கிற வண்டி இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் ஜெபராஜ், "டிரைவர் போட்டுக்கங்கப்பா" என்றான். டிரைவர் வைத்து ஊர் சுற்றுகிற மனிதர் அவர் இல்லை. மதுரையில் ஒரு டாக்டர் விற்ற ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். கிளட்சே கிடையாது, வலது கால் ஒன்றே போதும். அந்தக் கார் வந்த பிறகுதான் அவர் மறுபடியும் பழைய ஞானசிகாமணி ஆனார்.

அதனால்தான் அந்தக் கோபம் என்று இத்தனை நாளும் கிருபாவதி நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஆட்டோவில் போய் இறங்கியபோது பொன்னுராஜ் முன்னாலேயே வந்திருந்தான். எழுந்து நின்று, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றான். ஒரு வாரத்தில் மெலிந்திருந்தான். ஞானசிகாமணி தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரைப் பார்க்கப் போனார்.

"நல்லா இருக்கீகளா மாப்ள?" என்றாள் கிருபாவதி.

"இருக்கேன் அத்தை." கொஞ்சம் நிறுத்தி, "ஜெனி ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்று கேட்டான்.

"போயிட்டா. இன்னைக்கு அரைநாள்தான்."

சுந்தரலிங்கம் மெட்ராஸில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி ஷெட் போட்டவர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, உள்ளதைச் சொல்லிர்றேன். இந்த மாடல் கியர்பாக்ஸை நான் இதுவரைக்கும் திறந்ததில்ல. தேனியில இந்த மாதிரி வண்டி எத்தனை ஓடுது சொல்லுங்க. அதான் அவசரப்படாம ஒவ்வொண்ணாப் பாக்கேன்."

"அன்னைக்கு மலைக்கு வந்து பாத்த சின்னமனூர் மெக்கானிக்கு கியர்பாக்ஸே போச்சுன்னு சொன்னாரே. மலையில தப்பா ஓட்டி எரிச்சிட்டாகன்னு."

சுந்தரலிங்கம் பானெட்டுக்குள் கைவிட்டு, கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். துணியில் மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பாகக் கறை விழுந்தது.

"உள்ள பிளேட்டு எரிஞ்சிருந்தா இது கறுத்திருக்கும். தீஞ்ச வாடை அடிக்கும். மோந்து பாருங்க. ஒண்ணும் இல்ல. கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

ஞானசிகாமணி மோந்து பார்த்தார்.

"என் தலைவலியே வேற அண்ணே. காலையில ஸ்டார்ட் பண்ணுனா வண்டி ஒரு குறையும் இல்லாம ஓடுது. மதுரை ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்தேன். வெண்ணெய் மாதிரி கியர் மாறுது. ஆனா ஸ்கேனரை மாட்டுனா, பிரஷர் சோலனாய்டு சர்க்யூட்ல கோளாறுன்னு காட்டுது. அழிச்சா அழிஞ்சிருது. திரும்ப வரவும் மாட்டேங்குது. ஒயரா, கனெக்டரா, உள்ள இருக்கிற சோலனாய்டா, இல்ல கம்ப்யூட்டரான்னு தெரியாம எதைக் கழட்டுறது?" அவர் பொன்னுராஜ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. அன்னைக்கு என்ன ஆச்சு? மொதல்ல இருந்து."

பொன்னுராஜ் மாமனாரைப் பார்க்காமல், காரைப் பார்த்துச் சொன்னான்.

"ஏறுறப்பவே கடைசியில ரெண்டு தடவை டம்முன்னு இடிச்சுச்சு. ரோடு குண்டும் குழியுமா இருந்ததால அதுன்னு நெனச்சேன். மேல நிப்பாட்டி ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தப்ப சரியா இருந்துச்சு. பாதி இறக்கத்துல மறுபடியும் ஒரு இடி. அதோட கியர் லைட்டு மினுக்க ஆரம்பிச்சது. இறக்கத்துக்குப் போடுற எல்-ல போட்டாலும் மூணாவது கியரை விட்டு எறங்கல. இஞ்சின் பிடிக்காம வண்டி ஓட்டமா ஓடுது. பிரேக்குலயே எறக்கிட்டு வந்தேன். பிரேக்கு காஞ்சு வாடை வந்துருச்சு. அதுக்கு மேல பயமாப் போயி, ஒரு வளைவுல ஓரங்கட்டி டயருக்குக் கல்லு வச்சுட்டேன்."

அவ்வளவையும் அவன் அன்று மலையிலேயே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பது கிருபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்துச் சீட்டில் தன் மகள் உட்கார்ந்திருந்தாள் என்பதும் சேர்ந்து உறைத்தது.

"நிப்பாட்டுனதுதான் சரி" என்றார் சுந்தரலிங்கம். "அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இந்த இடி இருந்துச்சா? அண்ணே, உங்களைத்தான் கேக்கேன்."

"எங்கிட்ட இருந்தவரைக்கும் வண்டி நல்லா இருந்துச்சு" என்றார் ஞானசிகாமணி. "ஒரு குறை கிடையாது. மேகமலை போயிட்டு வந்த பிறகுதான் எல்லாம்."

கிருபாவதி கணவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

போன மாதம் தேவதானப்பட்டியில் தங்கச்சி வீட்டு நிச்சயதார்த்தம். அவள் மறந்துவிடக்கூடிய நாள் அல்ல. திரும்பும்போது உச்சிவெயில். தேனி ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அவள் மடியில் பழத்தட்டு. கேட் திறந்து அவர் கியரைப் போட்டதும், பின்னாலிருந்து யாரோ மோதியது போல வண்டி ஒரு குதி குதித்தது. ஆரஞ்சுப் பழமெல்லாம் காலடியில் உருண்டது. "என்னங்க இது?" என்று கேட்டாள். "தண்டவாளத்துல ஏறுதுல்ல, அப்படித்தான்" என்றார். வண்டி அப்போது தண்டவாளத்தைத் தொடவே இல்லை.

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவர் பேச்சை மறுத்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"இருந்துச்சு தம்பி" என்றாள் சுந்தரலிங்கத்திடம். "போன மாசமே இருந்துச்சு. தேவதானப்பட்டி போயிட்டு வாரப்ப, ரயில்வே கேட்டுல. என் மடியில இருந்த பழமெல்லாம் கீழ விழுந்துருச்சு."

குடும்ப விவகாரம் எதுவும் தெரியாத சுந்தரலிங்கத்துக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"வண்டி சூடா இருந்துச்சாக்கா? கேட்டுல எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நின்னீகளா, ஓடவிட்டா?"

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஏ.சி. போட்டிருந்தாக. கூட்ஸ் வண்டி போற வரைக்கும் நின்னோம்."

"அதுதான் எனக்கு வேணும். சூடுதான் விசயம். ஆறிப் போனதை வச்சுக்கிட்டு நான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்."

பொன்னுராஜ் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தான். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

*

முதலில் ஆறியிருந்த வண்டியிலேயே, கியர்பாக்ஸுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி சுந்தரலிங்கம் மீட்டரை வைத்தார். ஐந்து ஓம். இருக்க வேண்டிய அளவுதான். கனெக்டரைத் திரும்ப மாட்டி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு போடி ரோட்டில் போய்ச் சுற்றினார். திரும்பி வரும்போதே முகத்தில் சிரிப்பு.

"இடிச்சிருச்சு" என்றார். "லைட்டும் மினுக்குது."

எஞ்சினை நிறுத்திய கையோடு கனெக்டரைக் கழற்றி மறுபடி மீட்டரை வைத்தார். எண்ணே வரவில்லை. கம்பி அறுந்திருந்தால் மீட்டர் எப்படி வெறுமனே நிற்குமோ அப்படி நின்றது.

"சூடானா லைன் விட்டுப்போகுது. உள்ள போற ஒயரா, சோலனாய்டேவான்னு கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஆயில் பேனைக் கழட்டி இறக்கினாத்தான் தெரியும்."

சூடு கொஞ்சம் தணிந்ததும் அடியில் படுத்து கியர் ஆயிலை வடித்தார். தட்டையான ஆயில் பேனை இறக்கினார். அதன் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் மாதிரி மெல்லிய பொடிதான் இருந்தது; இரும்புத் துணுக்கு எதுவும் இல்லை. உள்ளே இருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஒன்றைக் கழற்றி எடுத்து வந்தார்.

"இவருதான் ஆளு. பிரஷர் சோலனாய்டு. வெளிய எடுத்தாச்சு. இப்ப ஒயர் மேல பழி போட முடியாது. பாருங்க."

மீட்டரில் ஐந்து ஓம். ஒரு டப்பாவில் கொஞ்சம் கியர் ஆயிலை ஊற்றி, ஸ்டவ்வில் சூடாக்கி, சோலனாய்டை ஒரு கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். முனைகளில் மீட்டரின் ஒயர்கள். நாலு பேரும் மீட்டரையே பார்த்தார்கள். ஐந்து. ஐந்தரை. ஆறு. பிறகு எண் துள்ளியது. ஒரேயடியாகப் போய்விட்டது.

வெளியே எடுத்து ஆறவிட்டார். எண் திரும்பி வந்தது.

"இது என்ன வேலை செய்யுது?" என்று கேட்டாள் கிருபாவதி.

சுந்தரலிங்கம் பதில் சொல்வதற்குள் ஞானசிகாமணி பேசினார். கண் மீட்டரிலேயே இருந்தது.

"கேட் வால்வு மாதிரி. கியரைப் பிடிக்கிறது ஆயில் பிரஷர். எவ்வளவு பிரஷர் போகணும்னு இது கட்டுப்படுத்தும். இதுல கரண்டு நின்னுட்டா, வால்வு முழுசாத் தொறந்துக்கும். மொத்த பிரஷரும் ஒரேயடியாப் போயி அடிக்கும். அதான் அந்த இடி." சற்று நிறுத்தினார். "உள்ள காயில் விட்டிருக்கு. ஆறினா ஒட்டும், சூடேறினா விலகும். மோட்டார் வைண்டிங்ல தினமும் பாக்கோமே. காலையில ஓடுது, மத்தியானம் நிக்குதுன்னு எத்தனை பேரு தூக்கிட்டு வாராக."

"அதேதான் அண்ணே. லைன் விட்டதும் கம்ப்யூட்டரு பயந்து மூணாவது கியர்லயே பூட்டிருது. சமதரைன்னா வீடு வந்து சேர்ந்துரலாம். மலைன்னா மாட்டிக்கிருவோம்."

"அப்ப யாரு மேலயும் தப்பு இல்லையா?" என்றாள் கிருபாவதி.

"யாரு மேல இருக்கு? ஏழு வருசத்துப் பொருள், கெட்டுப்போச்சு. யாரு ஓட்டுனாலும் கெடும். நிப்பாட்டியிருந்தாலுமே கெட்டிருக்கும்." பிறகு நினைவு வந்தவராய், "தம்பி, ஒரு உதவி. கொச்சியில நமக்குத் தெரிஞ்ச சேட்டன் ஒருத்தரு ஸ்பேர் கடை வச்சிருக்காரு. ஸ்கேனர் காட்டுன கோளாறு நம்பரைப் பார்த்துட்டு ஒரு அனுமானத்துல நேத்தே புதுசு ஒண்ணு அனுப்பச் சொல்லிட்டேன். குமுளி பஸ்ல வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு போயி வாங்கிட்டு வந்துருவீகளா?" என்றார்.

பொன்னுராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

*

ஷெட்டின் பக்கவாட்டில், வேப்பமர நிழலில் பழைய ஜீப் சீட் ஒன்று கிடந்தது. ஞானசிகாமணி அதில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டார். கிருபாவதி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"கேட்டுல மட்டும் இல்ல கிருபா" என்றார். "அதுக்குப் பிறகும் ரெண்டு தடவை இடிச்சுச்சு. கடையில இருந்து வாரப்ப."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ ஜெபராஜுக்கு போன் போடுவ. அவன் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து சாவியைப் பிடுங்கிருவான். அந்த வண்டியும் இல்லன்னா நான் பெஞ்சுல உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"மாப்ள கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல. மலைக்குப் போறோம்னு சொல்லித்தான வாங்குனாக."

"சொல்லியிருக்கணும்."

"நம்ம பிள்ளை அதுல உக்காந்து போனா."

அவர் காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஜீப்பை விட்டு இறங்கி அந்த வளைவைப் பாத்தேன். டயருக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் பள்ளம். இது என்னால வந்ததுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுச்சு. அதை அமுக்கத்தான் வாயி அப்படிப் போச்சு."

கிருபாவதிக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதற்கு மேல் இரக்கமும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டிய ஆளு பைக்ல வந்துக்கிட்டு இருக்காக" என்றாள்.

*

புது சோலனாய்டும் புது ஃபில்டரும் உள்ளே போயின. பேனைப் பூட்டி, புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கம்பியில் அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி சரிபார்த்தார் சுந்தரலிங்கம். ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறு நம்பரை அழித்தார்.

"சூடாக்கி ஓட்டிப் பாத்துட்டுத்தான் தருவேன். எல்லாரும் ஏறுங்க."

அவர் ஓட்ட, ஞானசிகாமணி முன்னால். கிருபாவதியும் பொன்னுராஜும் பின்னால். கம்பம் ரோட்டில் போனார்கள். பிற்பகல் வெயில் கண்ணாடியில் சுட்டது. வீரபாண்டியைத் தாண்டி, திராட்சைப் பந்தல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டே காத்திருந்தார். பிறகு கியரை டி-யில் போட்டார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

இன்னொரு முறை. மறுபடி ஒரு முறை. இடி இல்லை. லைட் மினுக்கவில்லை.

"முடிஞ்சது" என்றார்.

ஞானசிகாமணி சீட்டில் மெதுவாகத் திரும்பினார். இடுப்பு அவரை முழுவதும் திரும்பவிடவில்லை.

"மாப்ள, இந்த வண்டி இடிக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சே உங்க கையில கொடுத்தேன். அன்னைக்கு நான் பேசுனதெல்லாம் தப்பு."

பொன்னுராஜ் முகத்தில் நிம்மதி வரும் என்று கிருபாவதி எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் இன்னும் சங்கடப்பட்டவன் போலத்தான் இருந்தான்.

"விடுங்க மாமா. பெரிய வார்த்தையெல்லாம் வேணாம்."

"நீங்க ஓட்டுங்க. அப்படியே வீட்டுக்குப் போவோம். பிள்ளை வந்திருப்பா."

"இல்ல மாமா. பைக்கு ஷெட்டுல நிக்குது. எனக்குச் சின்னமனூர்ல கொஞ்சம் வேலை இருக்கு."

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவன் இருவரிடமும் சொல்லிக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டான். ஜெனிபரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அவளைப் பற்றிக் கேட்டவனா இவன் என்று கிருபாவதிக்கு இருந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் கிருபாவதி நேரே மகளின் அறைக்குப் போனாள். ஜெனிபர் கட்டிலில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா தப்பை ஒத்துக்கொண்டதையும் சொன்னாள்.

"கார் சரியாப் போச்சு. அவுக மேல ஒரு தப்பும் இல்ல. இனி என்ன?"

ஜெனிபர் பேனாவை மூடினாள்.

"நான் காருக்காக வரலம்மா."

கிருபாவதி புரியாமல் பார்த்தாள்.

"அன்னைக்குச் சுத்திப் பாக்கப் போகல. அவரு உரக் கம்பெனி வேலையை விட்டுட்டாரு. மேகமலையில தேயிலை ஃபேக்டரியில வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாம் தேதி சேரணும். எஸ்டேட்ல வீடு தாராக. அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு. எங்கிட்ட அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல."

"மேகமலையிலயா?"

"வீடு நல்ல வீடுதாம்மா. ஜன்னலைத் தொறந்தா மேகம் உள்ள வருது. ஆனா நான் என்ன பண்ணுவேன் அங்கன? என் வேலை? மழை பேஞ்சா ரோடு அடைச்சுக்கும். முடியாதுன்னு சொல்லிட்டேன். அவரு பதில் பேசல. அப்படியே எறங்கி வந்தோம். பாதியில கார் நின்னுச்சு."

"இதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"அப்பா கடையை அவரு கையிலதான் கொடுக்கணும்னு இருக்காகல்ல. அவரு மலைக்குப் போறாருன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாக. அப்பா வந்து காருக்காகச் சத்தம் போட்டாகளா, காருதான் காரணம்னே நெனச்சுட்டுப் போகட்டும், எதுவும் சொல்லாதீகன்னு அவருகிட்ட நான்தான் சொன்னேன்."

வாசல் பக்கம் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. ஞானசிகாமணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அதனாலதான் அந்த மனுசன் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டு நின்னாரா?" என்றார்.

ஜெனிபர் தலையசைத்தாள்.

அவர் கட்டிலருகே வந்து, மகளின் செல்போனை எடுத்து நீட்டினார். "அவரு நம்பரைப் போட்டுக் கொடு."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் மாப்பிள்ளைக்குத் தானாகப் போன் செய்ததில்லை. எதுவானாலும் கிருபாவதி வழியாகத்தான். போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகத் தாயும் மகளும் பார்த்தார்கள். அவர் காரைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்துகொண்டே பேசினார். கொஞ்சம் பேசினார், நிறையக் கேட்டார். ஒரு இடத்தில் நின்று பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்பது ஜன்னல் வரை வரவில்லை.

திரும்பி வந்தவர் போனை மகளின் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு ஜீப் சொல்லிருவேன், அந்த மலை ரோட்டுக்கு நம்ம கார் வேணாம். கோயில்ல முதல் ஆராதனை முடிஞ்சதும் கிளம்புறோம். நானும் அம்மாவும் போயி அந்த வீட்டைப் பாத்துட்டு வாரோம். சின்னமனூர்ல மாப்ள ஏறிக்கிருவாரு."

"கடை விசயம்?" என்றாள் கிருபாவதி.

"கடை எங்கயும் போகல" என்றார். "வீட்டைப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

நீயும் வருகிறாயா என்று அவர் மகளிடம் கேட்கவில்லை. அவளும் வருவதாகச் சொல்லவில்லை. விடைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அங்கன மத்தியானத்துலயே குளிரும்" என்றாள் கடைசியில். "ஸ்வெட்டர் எடுத்துக்கங்க."

கிருபாவதி பீரோவைத் திறந்தாள். அவருக்கு ஒன்று எடுத்தாள். தனக்கு ஒன்று. பிறகு அடித்தட்டில் இருந்த மகளின் நீலநிற ஸ்வெட்டரையும் உருவி, எதுவும் சொல்லாமல் கட்டிலின் மேல் வைத்தாள்.

ஜெனிபர் அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று தள்ளவில்லை. கையில் எடுக்கவும் இல்லை.